வாயு மூலை மேசை

தனக்கு வேலை தேடிப் போகிறவனுக்கு வாசலிலேயே "இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அடுத்தவருக்கு வேலை கேட்டுப் போகிற எங்களுக்கோ டீ, பிஸ்கட், புத்திமதி எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் அந்த "இல்லை" வரும். பார்வையற்றவர்களுக்கு வேலை வாங்கித் தரும் அறக்கட்டளை ஒன்றில், சேலத்தில் இருக்கிறேன். அதற்கு முன்னால் டிராக்டர் விற்றேன். டிராக்டரைப் பார்த்து யாரும் "பாவம்" என்று சொல்லமாட்டார்கள், அதனால் அது சுலபமான வேலை. யாருக்காகவாவது படியேறி இறங்கிச் செருப்புத் தேய்ந்தவர்களே, இதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

வடை பாயசம்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, போனில் பேச ஆள் வேண்டும் என்று போர்டு மாட்டியிருந்தார். எங்களிடம் கோமதி என்று ஒரு பெண் இருக்கிறாள், பிறவியிலேயே பார்வை இல்லை, பி.ஏ. முடித்திருக்கிறாள், போனில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வசதியை வைத்துக்கொண்டு எல்லா வேலையும் செய்வாள் என்று விலாவாரியாகச் சொன்னேன். கேட்கக் கேட்க மனிதர் கண் கலங்கிவிட்டார். சரி, காரியம் பழம்தான் என்று நானும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"வேலையெல்லாம் எதுக்குங்க, பாவம்? அடுத்த வாரம் பையன் பொறந்த நாளு. எல்லாரையும் கூட்டியாங்க, வடை பாயசத்தோட சாப்பாடு போட்டர்றேன்."

பொங்கல் வரைக்கும்

கோமதிக்குச் சொந்த ஊர் பள்ளிபாளையம். அப்பாவுக்குத் தறிக்கூடம் இருக்கிறது, சோற்றுக்குக் குறைவில்லை. அதுதான் எங்களுக்கு வந்த வினையே. "பொங்கல் வரைக்கும் பாரு, வேலை கிடைக்கலீன்னா ஊட்டுக்கு வந்துரோணும்" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். வீட்டில் அவளைத் தண்ணீர் மோந்து குடிக்கக்கூட விடமாட்டார்களாம். கையில் டம்ளரைக் கொடுத்து, குடித்து முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் பக்கத்திலேயே நிற்பார்களாம். நாமக்கல் விடுதியில் இருந்துகொண்டு தன் துணியைத் தானே துவைத்துக் காயப்போடுகிற பெண்ணுக்கு, அங்கே திரும்பிப் போவதை நினைத்தாலே தூக்கம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவள் அப்பாவைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை.

"எங்கப்பா நல்லவருங்க சார். அவரு பாசத்தத்தான் தூக்க முடியலீங்க."

யாரைக் கேட்பது

புதுச்சத்திரத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். எந்த வண்டி எங்கே காலியாக நிற்கிறது, எங்கே லோடு இருக்கிறது என்று நாள் முழுக்கப் போனிலேயே நடக்கிற தொழில். கோமதியைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலாளி மாணிக்கம் அண்ணன் தங்கமான மனுஷன், ஆனால் எல்லாக் கேள்வியையும் என்னைப் பார்த்தே கேட்டார். இவங்க சாப்பிட்டாங்களா, இவங்க பஸ்ஸுல வந்துருவாங்களா, இவங்களுக்குக் காபியா டீயா. கடைசிக் கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்குள், "டீங்க, சக்கரை கம்மியா" என்றாள் கோமதி. அண்ணன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு டிரைவர் போனில் வந்து, லோடு ஏற்றத் தாமதம் என்று கத்தினார். அண்ணன் போனைக் கோமதியிடம் நீட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டு, வண்டி எங்கே நிற்கிறது, எப்போது சாப்பிட்டீர்கள் என்று விசாரித்தாள். கத்தல் அடங்கியது. அண்ணன் மோவாயைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"பொங்கல் வரைக்கும் பாக்கலாமுங்க. டிரைவருங்க கெட்ட வார்த்தை பேசாம இருந்தாலே எனக்குப் புண்ணியம்."

மேசை நடந்த கதை

வேலை நன்றாகத்தான் போயிற்று. கதவைத் தாண்டி, வலது சுவரைத் தொட்டபடி போனால் தன் மேசை என்று கோமதி ஆபீஸைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டாள். வினை வாஸ்து ரூபத்தில் வந்தது. வண்டி ஓடுகிற தொழிலுக்குப் போன் மேசை வாயு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று அண்ணனுடைய வாஸ்துக்காரர் சொல்ல, கோமதியிடம் சொல்லாமலே மேசை வடமேற்கே போனது. காலையில் கோமதி வந்து, பழைய இடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது இப்போது முதலாளி நாற்காலி. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அடுத்த வாரம் அதே வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டு, பணம் சேருமென்று மேசை குபேர மூலைக்குப் போனது. நடு வழியில் கிடந்த ஸ்டெப்னி டயரில் கோமதி இடறி விழுந்து, முட்டியில் நல்ல அடி. சேதி பள்ளிபாளையத்துக்குப் போக, அவள் துணிமணியை அள்ளிப்போக ஒரு காலித் துணிப்பையோடு அவள் அப்பா பஸ் ஏறிவிட்டார். நான் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, அண்ணனை ஒரு பிடி பிடித்தேன். டிராக்டர் விற்ற காலத்தில்கூட நான் அப்படிப் பேசியதில்லை. பேசி முடித்துப் பார்த்தால் அண்ணன் முகம் தொங்கிப் போயிருந்தது.

"அந்தப் புள்ள கை வச்ச எடம் வெளங்கோணும்னுதானுங்க நகத்துனேன்."

 

தூண்

அப்பா வந்தார். வந்ததும் முட்டியைப் பார்த்தார், கிளம்பு, போகலாம் என்றார். கோமதி கையைக் காட்டி அவரை நிறுத்தினாள், போனில் டிரைவர் இருந்தார். அது முடிவதற்குள் அண்ணன் போனில் இன்னொருவர். மழையில் ரோட்டோரம் நிற்கிறேன், இறக்குகிற இடத்தில் குடோன் பூட்டியிருக்கிறது, அம்மிணிகிட்டக் குடுங்க என்று அவர் கேட்டது வெளியே வரைக்கும் கேட்டது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். டீ வந்தது. தன் டம்ளரை மகள் தானே எட்டி எடுத்துக் குடிப்பதை, குடித்து வைப்பதை, அவர் கண் கொட்டாமல் பார்த்தார். தன் டீ ஆறிப்போனதைக் கவனிக்கவில்லை. இத்தனை நாள் நான் அலைந்ததெல்லாம் அந்தத் துணிப்பைக்குள் போய்விடும் போலிருந்தது.

மாணிக்கம் அண்ணன் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, மேசையை முதன்முதலில் இருந்த இடத்துக்கே தூக்கிப் போடச் சொன்னார். டயரைத் தானே உருட்டிக்கொண்டு போய் வெளியே போட்டார். பிறகு எங்கள் எதிரிலேயே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு, அந்த மேசை இனிமேல் தூண் மாதிரி, தூணை நகர்த்தச் சொல்வீர்களா என்று கேட்டார். வேண்டுமானால் என் மேசையை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்றும் சொன்னார். இன்றைக்கும் அந்த ஆபீஸில் முதலாளி மேசைதான் மூலை மூலையாகச் சுற்றுகிறது, அவர்தான் முட்டி இடித்துக்கொள்கிறார்.

சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்த அப்பா, பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். மகள் தலையில் கையை வைத்தார்.

"நான் வாரேன் சாமி. பொங்கலுக்கு லீவு குடுப்பாங்களான்னு மொதலாளியக் கேட்டுட்டுச் சொல்லு."

ஆக, எங்கள் தொழிலில் பாதி வேலை ஆளை நாற்காலியில் உட்கார வைப்பது, மீதி வேலை அந்த நாற்காலியை யாரும் நல்லெண்ணத்தோடு நகர்த்திவிடாமல் பார்த்துக்கொள்வது.