மூன்று நல்ல ஊதல்கள்

நாற்பத்திரண்டு வயதில் லண்டனில் ஒரு கல்லூரியில் சுவாசப் பரிசோதனை படித்தேன். எண்பதுகளின் கடைசி. வகுப்பில் பதினான்கு பேர். என்னைத் தவிர பதின்மூன்று பேரும் பிள்ளைகள். செய்முறைப் பரீட்சையில் இரண்டு தரம் தவறியிருந்தேன். மூன்றாந்தரமும் தவறினால் ஆஸ்பத்திரியில் தந்திருந்த பயிற்சி வேலை போய்விடும். பிறகு பழையபடி நோர்பரி பெற்றோல் செட்டில் காசு வாங்கும் வேலைதான்.

நோயாளியின் மூக்கில் கவ்வியை மாட்டி, வாயில் அட்டைக் குழாயை வைத்து, ஒரே மூச்சில் ஆறு விநாடி ஊதவைக்க வேண்டும். இயந்திரத்துப் பேனை அதைக் கோடாகக் கீறும். எட்டுத் தரம் ஊதலாம்; மூன்று கோடாவது பிசிறில்லாமல் வரவேண்டும். ஊதும்போது பக்கத்தில் நின்று சத்தமாக உற்சாகப்படுத்தவும் வேண்டும். அதற்குத் தனியாகப் பத்துப் புள்ளி.

பரீட்சகர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இரக்கப்பட்டு எனக்கென்று ஒரு தமிழ் நோயாளியைப் பிடித்து வைத்திருந்தார். கோலியர்ஸ் வுட்டில் மகளோடு இருந்தவர். ஊரில் முப்பத்தொரு வருடம் எஞ்சினியர்மாருக்குக் கீழே கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தவர்.

"ஊதுங்கோ ஐயா, இன்னும் ஊதுங்கோ," என்றேன்.

"ஓம் தம்பி," என்றார் குழாய்க்குள்ளால். மூக்கு அடைத்திருந்ததால் அது "ஓப் தப்பி" என்று வந்தது. பேனை துள்ளி, கோட்டில் ஒரு பள்ளம் விழுந்தது.

"ஐயா, நான் சொல்லேக்க பதில் சொல்லாதேங்கோ."

"ஓம் ஓம், விளங்குது."

இரண்டாவது ஊதலில் ஒரு "ஓப்". மூன்றாவதில் இரண்டு. பிறகு குழாயை எடுத்துவிட்டு அவரே விளக்கம் சொன்னார்.

"நீர் வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டு சொல்லுறீர். நான் பேசாமல் இருந்தால் மரியாதையே? எஞ்சினியர்மாருக்கு முன்னாலை நான் ஒருநாளும் அப்பிடி நிண்டதில்லை."

"வாயை மூடிக்கொண்டு ஊதுங்கோ ஐயா."

"அது ஏலாது தம்பி."

அவர் சொன்னது சரிதான். நாலாவதும் ஐந்தாவதும் அவ்வாறே போயின.

"அவர் என்ன சொல்கிறார்?" என்று பரீட்சகர் கேட்டார்.

"ஆம் என்கிறார்."

"எதற்கு?"

"எனக்கு," என்றேன். பரீட்சகர் ஏதோ எழுதினார்.

மூன்று ஊதல் மிச்சம், மூன்றுமே வேண்டும். பயம் வந்தால் நான் எண்ணுவேன். படிகள், பஸ்கள், பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல், எது அகப்பட்டாலும். ஆறாவது ஊதலில் என்னையறியாமல் வாய்விட்டு எண்ணத் தொடங்கினேன். "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." ஓவசியரிடமிருந்து பதில் இல்லை. எண்ணிக்கைக்கு யார் ஓம் சொல்வார்கள்? கோடு வழுக்கிக்கொண்டு போனது. ஏழாவதும் அப்படியே.

எட்டாவதில் பதற்றத்தில் "அஞ்சு, ஏழு" என்றுவிட்டேன். குழாயைக் கடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். இரண்டு புருவமும் ஏறின, கண் பிதுங்கியது. பிழை ஒன்றைக் கண்ணெதிரே கண்டும் அவரால் வாய் திறக்க முடியவில்லை. அந்த ஆத்திரத்திலேயே ஊதியிருக்க வேண்டும். பேனை தாளின் விளிம்புவரை போய் நின்றது.

"அருமை," என்றார் பரீட்சகர். "என்ன சொல்லி உற்சாகப்படுத்தினீர்கள்?"

நான் பொய்யொன்றைத் தேடுவதற்குள், ஓவசியர் எழுந்து நின்று திருத்தமான ஆங்கிலத்தில் முறைப்பாடு செய்தார். "இவர் எண்ணிக்கொண்டிருந்தார் மேடம். அதிலும் ஆறை விட்டுவிட்டார்."

பரீட்சகர் புள்ளித்தாளை எடுத்தார். பிறகு உற்சாகத்துக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார்.

சித்தியடைய அறுபது வேண்டும். எனக்கு அறுபது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் புள்ளித்தாளை நாலு தரம் கூட்டிப் பார்த்தேன். ஒரு தரம் ஐம்பத்தொன்பது வந்தது.