வெட்டி எடுத்த துண்டு

நம்பினால் நம்புங்கள். பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது மத்தியானம். வெயில் வழிந்த ஒரு ஹாலில், ஜனங்களுக்கு நடுவில். சம்பந்தப்பட்டவன் என் நண்பன். அவன் சொன்னதற்கும், கடைசியில் நானே காதால் கேட்டதற்கும் மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'கொய்ங்'. அவன் இசையில் மெட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. பழைய சிந்தசைசர்களின் ரீங்காரத்தையும் மின்சார இரைச்சலையும் குழைத்து மணிக்கணக்கில் ஓடவிடுவான். "ஃப்ரிட்ஜ் ரிப்பேரான மாதிரி இருக்குடா" என்று கேலி செய்தவள் அவன் அக்கா. கடைசிவரை உட்கார்ந்து கேட்ட ஒரே ஆளும் அவள்தான்.

அந்த அக்கா படுத்த படுக்கையானாள். கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின். ம்ம்ம்ம்... என்று அடிவயிற்றில் இறங்கும் முனகல். நடுநடுவே, புஸ்ஸ்.

பார்க்கப் போனவனுக்குக் காது அதில்தான் போயிற்று. அத்தான் மருந்து வாங்கக் கிளம்பியதும், டேப் ரெக்கார்டரை வைத்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பாதியில் அக்கா வாய் திறந்தாள்.

"தம்பி... ஒரு விஷயம்..."

பதிவு கெட்டுவிடுமே! உதட்டில் விரல் வைத்தான்.

"ஷ்ஷ்..."

அக்கா சிரித்தாள். வாயை மூடிக்கொண்டாள். அவன் பதிவை முடித்த கையோடு ஸ்டூடியோவுக்கு ஓடினான். மறுநாள் அவளுக்குப் பேச்சு நின்றது. அப்புறம் மூச்சு.

பேச்சு விழுந்த பகுதியைப் பிளேடால் வெட்டினான். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஒரு தீப்பெட்டிக்குள் சுருட்டி வைத்தான். மீதி டேப்பின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினான். சுற்றச் சுற்ற அதே முனகல் திரும்ப வரும். ஒட்டிய இடம் வரும்போது மட்டும் ஒரு 'டிக்'.

அதன்மேல் கட்டிய இசையைத்தான் அன்று மத்தியானம் அந்த ஹாலில் வாசித்தான். முன்வரிசையில் அத்தான். அவரிடம் அவன் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"அடியில ஓடுற அந்த முனகல் எந்த சிந்தசைசர் சார்?" ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் கேட்டார். ஒத்திகையைக் கேட்டவர்.

"நானே செஞ்சதுங்க."

சொன்னவன் அத்தான் பக்கம் திரும்பவில்லை. கூசியது.

வளையம் சுற்றியது. ம்ம்ம்ம்... டிக். ம்ம்ம்ம்... டிக்.

ம்ம்ம்ம்...

டிக் வரவில்லை.

அத்தானின் தலை நிமிர்ந்தது. மாதக்கணக்கில் அந்த மெஷின் பக்கத்தில் படுத்தவர். தெரியாமல் இருக்குமா?

அவன் ஒலியைக் குறைத்தான். குறையவில்லை. பிளக்கைப் பிடுங்கினான்.

டேப் நின்றது.

ம்ம்ம்ம்...

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பேசப்போகிறவர் இழுப்பது போல...

"தம்பி... ரெக்கார்டிங் முடிஞ்சுதா? இப்ப பேசலாமா?"

எல்லோர் காதிலும் விழுந்தது. அத்தான் எழுந்துவிட்டார்.

ஐயோ, அவர் முன்னால் சொல்லிவிடுவாளே... இந்த ஓசையை எப்படி எடுத்தேன் என்று...

அவன் விரல் உதட்டுக்குப் போயிற்று.

"ஷ்ஷ்..."

குரலும் முனகலும் ஒருசேர நின்றன.

கைதட்டல் ஹாலை அதிர வைத்தது. இதுவும் இசையில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்!

அத்தான் மேடைக்கு வந்தார். கோபமே இல்லை.

"அவளைப் பேச விட்டிருக்கலாமேடா."

அவ்வளவுதான். போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடி வந்து தீப்பெட்டியைத் திறந்தான். துண்டை வெற்று டேப்போடு ஒட்டி ஓடவிட்டான். அவள் குரலாவது மிஞ்சியிருக்கிறதே என்ற நப்பாசை. என்னையும் வரச்சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான்.

அக்கா குரல் இல்லை. மெஷின் முனகலும் இல்லை.

"ஷ்ஷ்..."

அவன் குரல்தான்.

கொஞ்சம் இடைவெளி.

மறுபடியும்...

"ஷ்ஷ்..."

அதன் பின்னால், லேசாக, கைதட்டல்.