நான் இழுத்துப் பொருத்திய தோள்

பத்து வருடங்களுக்கு முன்பு, திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் உள்ள எங்கள் வயலில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று நாற்று முடிகளை வயலுக்குள் வீசிக்கொண்டிருந்த என் கணவர், திடீரென்று வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூட்டு நழுவிவிட்டது. முந்தைய வருடமும் இப்படித்தான் ஆனது. அப்போது நாட்டு வைத்தியர் ஒருவர் கையை இழுத்துப் பொருத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். அந்தத் தைரியத்தில், அன்று நானே அவரை வரப்பில் படுக்கவைத்து இழுத்தேன். 'டொக்'கென்று உட்கார்ந்தது.

நடவுப் பெண்கள் கைதட்டினார்கள். "இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு? அதான் நம்ம டாக்டரம்மா இருக்காங்களே!" என்றார் ஒரு அக்கா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அதன்பின் பரணிலிருந்து அண்டாவை இறக்கும்போது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்கும்போது என்று அந்தத் தோள் அடிக்கடி நழுவியது. "தஞ்சாவூர் போயி காட்டிட்டு வந்துடலாமா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "அறுப்பு முடியட்டுங்க, நான்தான் இருக்கேன்ல" என்பேன். குறுவை முடிந்தால் சம்பா, சம்பா முடிந்தால் உளுந்து. ஐந்து வருடம் ஓடிவிட்டது.

ஒருநாள் எவ்வளவு இழுத்தும் பொருந்தவில்லை. அவர் அலறிய அலறலில் பயந்துபோய்த் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனேன். ஆபரேஷன் நடந்தது. பிறகு தோள் நழுவவே இல்லை. அப்பாடா, தப்பித்தோம் என்றிருந்தேன். மூன்று வருடத்தில், கையைத் தூக்கினாலே உள்ளே நறநறவென்று சத்தம், உயிர்போகிற வலி.

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "மூட்டு தேஞ்சுபோச்சுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி அத்தனை தடவை நழுவுனதுல வந்த சேதம். முதல்லயே வந்திருக்கலாமே? அப்பெல்லாம் யாரு இழுத்து விட்டது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "தானாவே உள்ள போயிடும் சார்" என்று சொல்லிவிட்டார் இவர். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கே உண்மையைச் சொல்லாமல் இருந்ததை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருட நடவில் நாற்று முடி வீச வேறு ஆள் வைத்தோம். இவர் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் காலையில் இவருக்குச் சட்டை போட்டுவிடுவது நான்தான். வலது கையை நுழைக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாரே தவிர, இதுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால்கூட, அவர் கையை இழுத்த இந்தக் கைகளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.