சங்கு குளிப்பவன் மிதந்த கதை

எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதப் பகலில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் நடந்தது இது. எனக்கு உப்பளத்தில் என்ன வேலை என்று என் ஊர்க்காரர்கள் கேட்பார்கள். நான் சங்கு குளிக்கிறவன். கல் கட்டிய கயிற்றில் காலை ஊன்றிக் கடலுக்கு அடியில் இறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சங்கு பொறுக்கி வருகிற ஆள். இன்று தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்க மாட்டேன் என்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் அடித்த புயலில் எங்கள் ஊர் வள்ளங்களில் பாதி பலகை பலகையாகப் பிரிந்துபோயின. என்னுடையதும் அதில் ஒன்று. வள்ளம் இழந்த வீடுகளுக்கு அரசாங்கம் வாராவாரம் நிவாரண அரிசி கொடுத்தது. கோயில் முற்றத்தில் வரிசையில் நின்று வாங்குவோம். அரிசி வயிற்றைப் பார்த்துக்கொண்டது, சரி. வள்ளத்துக்குப் பலகை? மனைவிக்கு வேறு பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. உப்பளத்தில் சீசனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அந்த வாரமே வரிசையில் எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "கூலி வேலைக்குப் போறவன் வீட்டுக்கு அரிசிய நிறுத்திருவாங்களாம்லே!"

அரிசி நின்றால் கூலி முழுவதும் அடுப்புக்குப் போய்விடும். வள்ளம் பலகையாகவே கிடக்கும். பிறகு எந்தக் காலத்தில் கடலுக்குப் போவது? மறுநாளிலிருந்து பெரிய சாலையை விட்டுவிட்டுப் பனங்காட்டு வழியே, துண்டால் தலையை மூடிக்கொண்டு, ஆட்டைத் திருடியவன் போல வேலைக்குப் போனேன். யார் கேட்டாலும் பெரியதாழைக்கு மச்சானைப் பார்க்கப் போயிருப்பதாகச் சொல்லச் சொன்னேன்.

"எங்க அண்ணன் என்ன சாகவா கெடக்கான், தெனமும் போய்ப் பாக்கதுக்கு?" என்றாள் மனைவி.

முதலில் சொன்னேனே, அந்த மாசி மாத மத்தியானம் பாத்தியில் உப்பை வாரிக் குவித்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப். உள்ளே யாரென்று பார்த்தேன். எங்களுக்கு அரிசி அளக்க வருவாரே, அதே வருவாய்த் துறை அதிகாரி! சுற்றிலும் வெட்டவெளி. மறைய ஒரு மரம் கிடையாது. பக்கத்தில், பாத்திக்குப் பாய்ச்சுவதற்காக உப்புத்தண்ணீரைத் தேக்கி வெயிலில் சுண்டவிட்டிருந்த குளம் இடுப்பளவு ஆழத்தில் கிடந்தது. சங்கு குளிக்கிறவனுக்கு ஒளிய இடம் என்றால் தண்ணீர்தானே? மூச்சை இழுத்துப் பிடித்துத் தலைகீழாகப் பாய்ந்துவிட்டேன்.

சுண்டிய உப்புத்தண்ணீர் ஆளை உள்ளே விடாது என்பதை உப்பளத்துச் சிறு பிள்ளைகூடச் சொல்லும். கடலுக்குள் போகிற என்னிடம் யாரும் சொல்லவில்லை. காலில் கல்லும் இல்லை. தலையை அமுக்கினால் கால் எழும்பியது. காலை அமுக்கினால் முதுகு எழும்பியது. கடைசியில் தலை மட்டும் உள்ளே இருக்க, மற்றதெல்லாம் மேலே நின்று ஜீப்பை வரவேற்றது. போதாக்குறைக்குத் தொழில் பழக்கத்தில் தண்ணீருக்குள் கண்ணை வேறு திறந்துவிட்டேன். மிளகாயை அரைத்துக் கண்ணில் அப்பியது போல இருந்தது.

"ஏளா, இங்கன வந்து பாரு! ஒருத்தன் மெதக்கான்!" என்று உப்புச் சுமக்கும் பெண் ஒருத்தி கத்தினாள்.

"செத்துட்டானாளா?"

"செத்தவன் இப்படியா காலை உதறுவான்?"

யார் யாரோ பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். "ஏலே மூதி, கருவாடு போட மீனு கெடைக்காமலா நீ குதிச்ச?" என்று உப்பளத்துக் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டது காதில் விழுந்தது. கண் திறக்க முடியவில்லை. ஒரு கை என் தலையை நிமிர்த்திப் பிடித்துக் கண்ணில் நல்ல தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தது. கணக்கப்பிள்ளைதான் என்று நினைத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"அண்ணாச்சி, அந்த ஆபீசர் போயிட்டானா? பாத்தா அரிசிய நிறுத்திருவான். என்னக் காட்டிக் குடுத்திராதீரும்!"

"அவன் போகல," என்றது என் தலைக்கு மேலே வேறொரு குரல். "அவன்தான் தண்ணி ஊத்துதான்."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "ஐயா, நான் வேலைக்கு வரல. குளிக்க வந்தேன்" என்றேன்.

"இதுலயா?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் உப்புக் குவியலே சரிந்திருக்கும். அதிகாரி சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தண்ணீரை ஊற்றி, கண்ணைக் கசக்காதே என்று கையைத் தட்டிவிட்டார்.

"வள்ளம் உடைஞ்சதுக்குத்தான்யா அரிசி. அது கடல்ல எறங்குத வரைக்கும் உண்டு. நடுவுல நீ நாலு நாள் வேலை பாத்தா எனக்கென்ன? நிறுத்துவோம்னு யாரு சொன்னா?"

யார் சொன்னது? யோசித்துப் பார்த்தேன். பின்னாலிருந்து வந்த குரல், அவ்வளவுதான். திரும்பி முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் குரலை நம்பித்தான் இத்தனை நாள் பனை மரங்களோடு கண்ணாமூச்சி ஆடியிருக்கிறேன்.

அவர் வந்த காரியம் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஊரில் வேலையில்லாமல் இருப்பவர்களை இந்தச் சீசனுக்கு எடுத்துக்கொள்ள முடியுமா என்று கணக்கப்பிள்ளையிடம் கேட்கத்தான் வந்திருக்கிறார். "உங்க ஊருல இன்னும் யாரு வருவா?" என்று என்னையே கேட்டார். உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று பதில் சொன்னேன்.

அன்று சாயங்காலம் பெரிய சாலை வழியாகவே வீட்டுக்குப் போனேன். கோயில் முற்றத்தில் விஷயத்தைச் சொன்னால், ஒருவர் பாக்கியில்லாமல் அசடு வழிந்தார்கள். ஒருவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். இன்னொருவன் காயல்பட்டினத்தில் வீடு கட்டும் இடத்தில் கல் சுமந்துகொண்டிருந்தான். ஊரே ஊருக்குத் தெரியாமல் உழைத்திருக்கிறது! அந்தக் கோடையில் வள்ளமும் கடலில் இறங்கியது, வீட்டில் பெண் குழந்தையும் பிறந்தது.

உப்பளத்தில் நல்ல தண்ணீர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். கண் தெளிந்ததும் நான் முதலில் பார்த்தது, அதிகாரி தாம் குடிக்கக் கொண்டுவந்த கூஜா காலியாகி அவர் கையில் தலைகீழாக இருந்ததை. யாரையாவது பார்த்துக் காரணமில்லாமல் நான் பயப்படும்போதெல்லாம், அந்த வெயிலில் திரும்பிப் போகிற வழி முழுக்க அந்த மனிதர் தாகத்துக்கு என்ன செய்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.