பொம்மை நோயாளியும் ‘சாப்பிட்டீங்களா’வும்

என் முதல் ஆன்லைன் பயிற்சியில் நோயாளி செத்துப்போனார். காரணம், ‘சாப்பிட்டீங்களா?’ என்ற ஒரு கேள்வி.

நர்சிங் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், பனியன் கம்பெனி நர்சுகளுக்கு வீட்டிலிருந்தே சிமுலேஷன் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். கம்பெனி கிளினிக் கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை படுத்திருக்கும். பக்கத்து லேப்டாப்பில் தெரியும் பிபி, பல்ஸ் எல்லாம் என் வீட்டு மேஜையிலிருந்து நான் ஏற்றி இறக்குவது. நோயாளியாக முனகுவதும் நான்தான், போனில் டாக்டராக உறுமுவதும் நான்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

அன்று மங்கலம் ரோட்டுக் கம்பெனி நர்ஸ் கவிதாவிடம் ஒரு மாரடைப்பு கேஸை ஒப்படைத்தேன். பிபி பார்த்தாள். சரியாகத்தான் பார்த்தாள். பிறகு டாக்டருக்கு, அதாவது எனக்கு, போன் போட்டாள்.

“வணக்கங்க சார். நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? ஊட்டுல எல்லாரும் சௌக்கியங்களா?”

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் கேட்காமல் நேராக விஷயத்துக்கு வந்தால் மரியாதை தெரியாதவள் என்பார்கள். எனக்கோ கோபம் வந்துவிட்டது. லேப்டாப்பில் ஓடிய இதயத் துடிப்புக் கோட்டை நேராக்கினேன்.

“நீ விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள ஆள் போயிட்டார் கண்ணு.”

அவள் பொம்மையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வார்டாக இருந்தால் தோளைத் தொட்டிருப்பேன். திரையில் என்ன செய்வது? நான் சொன்ன விதம் எனக்கே வலித்தது.

பொம்மையின் கையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, “இன்னொருக்கா பண்ணலாங்களா மேடம்?” என்றாள். அன்று அந்தப் பொம்மைக்கு மேலும் நான்கு முறை மாரடைப்பு வரவைத்தேன். கடைசி முறைதான் பிழைத்தது.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் கவிதா கூப்பிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ஆள் பொழைச்சுக்கிட்டாருங்க மேடம்.”

அயர்னிங் செக்‌ஷனில் பீகார்க்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். டாக்டரிடம் பேசியதை அப்படியே சொன்னாள்: “சார், கம்பெனி நர்ஸ் கவிதா. நாப்பது வயசு ஆளு, நெஞ்சு வலி, வேர்த்துக் கொட்டுது, பிபி தொண்ணூறு. ஆம்புலன்ஸ் கூப்பிட்டாச்சு. வர்ற வரைக்கும் என்ன செய்யட்டும்?”

“பயந்துதானுங்க இருந்தேன் மேடம். பேச்சு மட்டும் நடுங்கல.”

“சரியாப் பண்ணியிருக்கே கண்ணு” என்றேன்.

“அப்புறம், சாப்பிட்டீங்களாங்க மேடம்?”

“இல்ல கண்ணு. நீ?”

“காலைல இருந்து இல்லீங்க.”

அவசரத்தில் விசாரிப்பு பின்னால் போகட்டும், நர்ஸ் பிள்ளைகளே. ஆனால் எல்லாம் முடிந்ததும் மறக்காமல் கேளுங்கள். அன்று போனை வைக்காமல், அவள் டிபன் பாக்ஸைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன்.