ஆளில்லாத வீட்டு நீலச் சட்டை

"போட்டேன்னு சொல்லிருய்யா! ஒத்துக்கிட்டா என்ன கொறைஞ்சு போயிரும்?"

"போடலடீ! அந்தச் சேட்டு எனக்கு ஒரு கைக்குக்கூடப் பத்தாது. இந்த வயித்த வச்சிக்கிட்டு நான் எப்படி அதுக்குள்ள பூருவேன்?"

"அப்ப கழுத்துல இம்புட்டு அழுக்கு எப்படி வந்திச்சு? காத்து போட்டுக்கிட்டுத் திரிஞ்சிச்சா?"

கிணற்றடியில் நின்று நீலச் சட்டை ஒன்றைக் கொடிபோலத் தூக்கிப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தாள் சந்திரகாந்தா. அவள் புருஷன் லெட்சுமணன் பல்லில் கரியைத் தேய்த்தபடியே பதிலுக்குக் கத்தினான். வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்கக் கூடாதுதான். ஆனால் அந்த வீட்டுச் சண்டையைக் கேட்காவிட்டால் எங்கள் பாதையில் யாருக்கும் காலைத் தேத்தண்ணீர் இறங்காது.

இது நடந்தது. கற்பனை என்று நினைப்பவர்கள் யட்டவத்தையில் பஸ் ஏறி, வஹகோட்டைக்குப் போகிற பாதையில் இறங்கி, யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். வீடு இன்னும் நிற்கிறது. கூரை மட்டும் மாறியிருக்கிறது.

வருஷம் 1989.

அது ராஜநாயகம் ஐயா கட்டிய வீடு. அவர் காலமான பிறகு ஒரே மகன் நோபர்ட்டுக்கு வந்தது. ஊரைவிட்டுப் போனபோது இருபத்திரண்டு வயது, மெலிந்த பையன். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்து, இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு ஒன்று இருக்கும். எண்பத்து மூன்று கலவரத்தோடு அவன் ஜேர்மனிக்குப் போய்விட்டான். அங்கே நாலு பேரோடு ஓர் அறை. இங்கே ஐந்து அறையும் ஆளில்லாமல். இரண்டு நாட்டில் வீடு வைத்திருக்கும் பெரிய மனிதன் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

ஆளில்லாத வீடு அந்த நாட்களில் அதிக காலம் ஆளில்லாமல் இருக்காது. யாராவது சட்டியும் பானையுமாக வந்து குடியேறிவிடுவார்கள். இல்லாவிட்டால் ஓடு ஓடாகக் கழன்றுபோய் வேறொரு வீட்டுக் கூரையில் முளைக்கும். அதனால் நோபர்ட், அதே கலவரத்தில் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காம்பரா எரிந்து நடுத்தெருவில் நின்ற லெட்சுமணன் குடும்பத்தைப் பின்கட்டில் குடிவைத்துவிட்டுப் போனான்.

போனவன் சும்மா இருக்கவில்லை. ஊருக்கு வருகிறவர்களிடம் கசெட் கொடுத்தனுப்புவான். இரவல் வாங்கிய ரேடியோவில் அவன் குரல் வேலி தாண்டிக் கேட்கும்.

"அக்கா, ஜன்னல தினமும் தெறந்து வைங்க, பூஞ்சணம் புடிக்கும். பைப்ப கொஞ்சம் ஓட விடுங்க. கூரைப் பீலியில எல அடைச்சா அள்ளிருங்க. அலுமாரிக்குப் பின்னால கறையான் வருதான்னு பாருங்கக்கா..."

இங்கே மனிதர்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் கறையானைப் பற்றிக் கவலைப்பட்டான்.

இதெல்லாம் போதாது என்று சந்திரகாந்தாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த வீடு கைவிட்டுப் போனால் அவர்களுக்குத் தலைசாய்க்க வேறு இடமில்லை. அந்த வருஷம் மகள் புஷ்பவதிக்குத் தம்புள்ளையில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று பேசியிருந்தது. வீட்டில் ஆள் இருப்பதுபோலக் காட்ட, நோபர்ட் போன நாளிலிருந்தே அவள் ஒரு வேலை செய்தாள். நோபர்ட் விட்டுப்போன மூன்று சட்டைகளையும் இரண்டு சாரங்களையும் தினமும் துவைத்து, பாதைக்குத் தெரிகிற மாதிரி முன்முற்றத்துக் கொடியில் காயப்போட்டாள். யாரும் உடுத்தாத துணிகள். துவைத்துத் துவைத்தே நைந்தன.

பொழுது சாய்ந்ததும் பெரிய வீட்டைப் பார்த்து, பாதை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவாள்.

"தம்பீ... தண்ணி சுட்டிருக்கு! குளிச்சிட்டுச் சாப்பிட வாங்க!"

ஆறு வருஷம். ஒரு நாள் தவறவில்லை. ஊருக்கு எல்லாம் தெரியும். நாடகம் வெளியாட்களுக்கு. போகப்போக நாங்களும் அதில் சேர்ந்துகொண்டோம். அயலூர்க்காரன் யாராவது விசாரித்தால், "தம்பி உள்ளதான் இருக்காரு, ஒடம்புக்குச் சொகமில்ல" என்போம். சந்திக்கடை ஸெய்னுலாப்தீன் காக்கா ஒருபடி மேலே போய், தம்பிக்கு எந்தச் சவர்க்காரம் பிடிக்கும் என்றுகூடச் சொல்வார். அப்படியே பழகிவிட்டது.

அப்போதுதான் அந்த அழுக்கு.

லெட்சுமணன் உண்மையைத்தான் சொன்னான் என்று அவளுக்கு அடுத்த நாளே தெரிந்துவிட்டது. துவைத்து, மடித்து, அலுமாரியில் வைத்துப் பூட்டிய நீலச் சட்டை... காலையில் எடுத்தபோது கழுத்துப்பட்டியில் கறுப்பு வரி. அக்குளில் ஈரம். ஒரு நாள் முழுக்க ஒரு மனிதன் போட்டுக் கழற்றிய வாடை.

பெரிய வீட்டுச் சாவி அவள் இடுப்பு முடிச்சில்தான் இருந்தது.

பிறகு குளியலறையில் சவர்க்காரம் கரைந்திருந்தது. கட்டிலில் தலையணை நடுவில் பள்ளம். அவள் தட்டி நிமிர்த்திவிட்டுப் போனால் மறுநாள் மறுபடியும் பள்ளம். ஆறு வருஷமாகக் கட்டிலுக்குக் கீழே கிடந்த ரப்பர் செருப்பு, இப்போது வாசலைப் பார்த்துச் சோடியாக நின்றது.

புஷ்பவதி பயந்தாள். "அம்மா, யாரோ பொடியன் ஒளிஞ்சிருக்கான்மா."

"இருந்துட்டுப் போறான். வாய மூடிக்கிட்டு இரு."

அவளுக்குப் பயம் வரவில்லை. கிளர்ச்சிக்காரர்களும் படையாட்களும் மாறி மாறிக் கொன்ற அந்த வருஷம் பயப்படுவதற்கு உயிரோடு இருக்கிறவர்களே நிறையப் பேர் இருந்தார்கள். பேய் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டியிருந்தது. ஆற்றோரத்தில், பாலத்தடியில், பாதையில் டயர் எரிந்த இடத்தில் என்னென்ன கிடந்தது என்று காலையில் கேட்டுக்கொண்டே பாண் வாங்கினோம். பிறகு அதைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டோம். அப்படித்தான் இருந்தோம்.

அழுக்குச் சட்டையை அவள் துவைத்தாள். அதில் ஒரு வசதியும் இருந்தது. நடிக்க வேண்டியதில்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. ஒரு நாள் மாலை, மழை விட்ட நேரம். கொடியில் துணி ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. லாம்பைக் கொளுத்திப் பின்வாசலில் வைத்துவிட்டு, சந்திரகாந்தா வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"தம்பீ... தண்ணி சுட்டிருக்கு! சாப்பிட வாங்க!"

சந்தியில் ஒரு ஜீப் நின்றிருந்தது அவளுக்குத் தெரியாது. இலக்கத்தகடு இல்லாத ஜீப். அதில் வந்தவர்கள் கடையில் விசாரித்திருக்கிறார்கள்: அந்த வீட்டில் யார்? ஸெய்னுலாப்தீன் காக்கா, ஆறு வருஷப் பழக்கத்தில், யோசிக்காமலே சொல்லிவிட்டார்.

"ஒரு தம்பி தனியா இருக்காரு."

அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நாங்கள் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

ஜீப் வாசலில் வந்து நின்றது. ஐந்து பேர். யார், எந்தப் பக்கத்து ஆட்கள் என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. லெட்சுமணன் மகளை அடுப்படி மூலைக்குள் தள்ளி அவள் வாயைப் பொத்திக்கொண்டான். சந்திரகாந்தா முற்றத்தில் தனியாக நின்றாள்.

"உள்ளே யார்?" ஒருவன் சிங்களத்தில் கேட்டான்.

"யாரும் இல்ல மாத்தயா. வெறும் வீடு." அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

"அது யாருடைய சட்டை?"

"சும்மா... சும்மா காயப்போட்டிருக்கேன் மாத்தயா."

ஒருவன் சிரித்தான். "வெறும் வீட்டையா இப்போது கூப்பிட்டாய்?"

அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள்...

"வாறேன்க்கா."

வீட்டுக்குள்ளிருந்து. கசெட்டில் கேட்ட அதே குரல்.

டக். தாழ்ப்பாள்.

அவள் கை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.

கதவு திறந்தது.

மெலிந்த பையன். தலையில் ஈரம். இடது புருவத்தில் தழும்பு. ஆறு வருஷத்துக்கு முன்னால் போனபோது இருந்த அதே முகம்... ஒரு நாள்கூட மூப்பேறாமல்.

நீலச் சட்டை போட்டிருந்தான்.

அவள் கொடியைப் பார்த்தாள்.

நீலச் சட்டை அங்கேயும் இருந்தது.

சொட்... சொட்...

அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற செருப்பைக் காலில் மாட்டினான். ஒருவன் அவன் தலையில் சாக்கைப் போட்டான். அவன் திமிறவில்லை. கத்தவில்லை.

ஜீப் போய்விட்டது.

சந்திரகாந்தா கதவைச் சாத்தப் போனாள்.

பூட்டியிருந்தது.

மறுநாள் நீலச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். கழுத்துப்பட்டி சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு எந்த நாளும் அழுக்காகவில்லை. செருப்பு மட்டும் வீட்டில் எங்கும் இல்லை.

யாரோ ஒளிந்திருந்த பொடியன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வேலி இடுக்கால் பார்த்தவர்களும் அப்படியே சொன்னார்கள், அப்படிச் சொன்னால்தான் தூங்க முடிந்தது. அவளும் தலையாட்டினாள். துணி காயப்போடுவதை அவள் நிறுத்தவில்லை, மகள் கல்யாணம் வரைக்கும் வீடு வேண்டுமே. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

பதினாலு வருஷம் கழித்து, 2003இல், சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் நோபர்ட் வந்தான். உயிரோடு, ஜேர்மன் பாஸ்போர்ட்டோடு. சொந்த வீட்டுக்கு வர விசா குத்திக்கொண்டு வந்தவன் என்று நாங்கள் சிரித்தோம். வயது ஏறியிருந்தது. மற்றபடி அதே மெலிவு, அதே தழும்பு. சந்திரகாந்தா கோழி அடித்துச் சமைத்துப் போட்டாள். அவன் இரண்டு வாய் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

"குறை நினைக்காதீங்கக்கா. எத சாப்பிட்டாலும் மண்ணு கடிபடுது."

"அரிசிய நல்லாத்தான் அரிச்சேன் தம்பி."

"சமையல்ல பிழை இல்லக்கா. எம்பத்தொம்பதுல ஒரு நாள் குளிச்சிக்கிட்டு இருந்தேன். திடீர்னு வாய் நெறைய மண்ணு. துப்பித் துப்பிப் பார்த்தேன், ஒண்ணுமில்ல. அன்னைக்கிலருந்து இப்படித்தான். அங்க பல் டொக்டர், மூக்கு டொக்டர், மூளை டொக்டர் எல்லாரும் பார்த்தாச்சு. சுகமா இருக்கீங்கன்னு சொல்றாங்க."

எந்த மாதம் என்று அவள் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் கிழமை அவன் லெட்சுமணனோடு யட்டவத்தைச் சந்தைக்குப் போனான். போஞ்சி நிறுத்துக்கொண்டிருந்த வியாபாரி ஒருவன் அவன் முகத்தைப் பார்த்தான். தராசு கையிலிருந்து விழுந்தது. யார், எந்த ஊர், எந்த வீடு என்று பக்கத்துக் கடைக்காரனிடம் பிறகு விசாரித்திருக்கிறான்.

மறுநாள் காலை, நோபர்ட் வஹகோட்டைக் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்த வியாபாரி வந்து படலையடியில் நின்றான். உள்ளே வரவில்லை. சந்திரகாந்தாவிடம் சிங்களத்தில் சொன்னான்.

"அன்றைக்கு வந்த ஐந்து பேரில் நான் ஒருவன். அந்த ஆளை என் கையாலேயே புதைத்தேன். அந்தப் புருவத்தை நான் மறப்பேனா?"

அவள் படலையைத் திறக்கவில்லை.

"உயிர் இருக்கும்போதே மண் தள்ளினோம். அவர் கத்தவில்லை. ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். வாய்க்குள் மண் போகிற வரைக்கும். எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் அப்படியே காதில் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?"

பிறகு, சின்னப்பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல, அதைச் சொல்லிக் காட்டினான்.

"வாறேன்க்கா."

அவள் அர்த்தம் சொன்னாள். விலை கேட்டுத் தெரிந்துகொண்டவன்போல அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அடுத்த சந்தை நாளில் அவன் கடை இல்லை. பெண்சாதி பிள்ளைகளோடு எங்கோ போய்விட்டான் என்றார்கள்.

நோபர்ட் வீட்டை றஹீம் என்கிற லொறிக்காரருக்கு விற்றுவிட்டு ஜேர்மனிக்கே திரும்பினான். அங்கே ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான் என்று கேள்வி. மண் கதையைச் சந்திரகாந்தா அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஸெய்னுலாப்தீன் காக்கா கடையை மூடிவிட்டு அக்குறணையில் மகள் வீட்டோடு போய்விட்டார். யாரைப் பற்றி யார் கேட்டாலும், எனக்குத் தெரியாது என்பதுதான் இப்போது அவர் பதிலாம்.

லெட்சுமணனும் சந்திரகாந்தாவும் தம்புள்ளையில் புஷ்பவதி வீட்டில் இருக்கிறார்கள். போன தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பொழுது சாய்கிற நேரம், புஷ்பவதியின் பிள்ளைகள் பாதையோரத்தில் லொறிகளுக்கு நடுவே விளையாடிக்கொண்டிருந்தார்கள். சோறு ஆயத்தம். வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் ஓடி வந்துவிடுவார்கள்.

சந்திரகாந்தா சத்தம் கொடுக்கவில்லை. வலிக்கிற முழங்காலோடு இறங்கி, பாதையைக் கடந்து, ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், தோளைத் தொட்டுத் தொட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள்.