விருந்தாளி கையில் காலிக் கேன்

எங்கள் தொங்கோவா தீவின் மருந்தகத்தைக் கூட்டிக் கழுவுகிறவள் லெய்மாயா. தினமும் காலையில் மழைநீர்த் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவாள். சத்தம் மாறும் இடம்தான் தண்ணீர் மட்டம். அந்த ஆகஸ்டில் ஏழு வாரமாக மழை இல்லை. சத்தம் அவள் முழங்காலுக்கு இறங்கியிருந்தது. மிஞ்சியது பிரசவத்துக்கு. நிறைமாதமாக இருந்த லெய்ரிக்கிக்கு எந்த நாளும் வலி எடுக்கலாம்.

எங்கள் மருந்தகத்தில் சேவை செய்யும் ஆஸ்திரேலிய நர்ஸ் டெஸ்ஸாவைப் பார்க்க அவள் அம்மா கிளெனிஸ் வந்தது அப்போதுதான். டெஸ்ஸா "தண்ணியப் பார்த்துச் செலவு பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்துத் தீவுகளுக்குத் தடுப்பூசிப் படகில் போய்விட்டாள். மருந்தகத்தை ஒட்டிய அறையில் தங்கிய கிளெனிஸ் பார்த்தாள், அதே தொட்டியின் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மூன்று வேளையும் குளித்தாள். அவள் விழிக்குமுன் கடற்கரை ஊற்றிலிருந்து பெண்கள் நாங்கள் சுமந்துவந்து தொட்டியில் ஊற்றியது அவளுக்குத் தெரியாது. அது ஊர்த் தலைவர் கலோரிப்பின் உத்தரவு. அப்படியும் மட்டம் இறங்கியது.

"அந்தம்மாகிட்ட சொல்லிடலாமே தலைவரே" என்றாள் லெய்மாயா.

"வந்தவங்ககிட்ட தண்ணி இல்லேன்னு சொல்றதா? ஊர் மானம் போயிடும்."

"அப்ப நீங்க ஒருநாள் தூக்குங்க."

"அவருக்குச் சாயங்காலம் குடிக்கிற காவாக் கிண்ணம் தூக்கவே ரெண்டு கை வேணும்டி" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

மானம் ஆண்களுக்கு, சுமை பெண்களுக்கு. இதைத்தான் மரபு என்கிறார்கள்.

மறுநாள் விடியலில் லெய்மாயா கிளெனிஸின் கதவைத் தட்டி, கையில் காலிக் கேனைக் கொடுத்தாள். நடைப்பயிற்சி என்று நினைத்துக் கிளெனிஸ் உற்சாகமாகக் கிளம்பினாள். ஊற்றில் நிரப்பிய கேனோடு திரும்பும் ஏற்றத்தில் நாலு இடத்தில் உட்கார்ந்தாள்.

"தினமும் இத யாரு தூக்குறா?"

"நாங்கதான். நீங்க குளிக்க."

கிளெனிஸின் முகம் சிவந்தது. "வந்த அன்னிக்கே சொல்லக்கூடாதா? நான் என்ன மகாராணியா?"

"விருந்தாளி. அது மகாராணியவிட மோசம்."

அன்றிலிருந்து கிளெனிஸ் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டாள். விருந்தாளியை அவமதித்ததற்காகத் தலைவர் ஊர் வழக்கப்படி லெய்மாயாவுக்கு இரண்டு பின்னல் பாய் அபராதம் போட்டார். "அவமானப்பட்டது நான்தானே? நான் புகார் சொல்லலையே!" என்று கிளெனிஸ் தலைவர் வீட்டு வேலியருகே நின்று கத்தினாள். அவர் புன்னகையோடு அவளுக்கு இளநீர் கொடுத்தனுப்பினார்.

கிளெனிஸ் கேன் தூக்கிய ஐந்தாம் நாள் லெய்ரிக்கிக்குப் பெண் பிறந்தது. தாயையும் பிள்ளையையும் கழுவ, தரையைத் துடைக்க, தொட்டியில் தண்ணீர் போதுமானதாக இருந்தது.

இரண்டு பாயும் இன்னும் தலைவர் வீட்டில்தான் கிடக்கின்றன. லெய்மாயா திருப்பிக் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு ஊர்க்கூட்டத்திலும் கேட்கிறேன்.